ஈரலில் கொழுப்பு: தேங்காயெண்ணெய் குடித்தால் கரையுமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவருக்கு 47 வயது, குடிப்பழக்கம் இல்லை. ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது, கெட்ட கொலஸ்ட்ரோலும் கூட. வீடு தேடி வந்த ஒருவர், சுத்தமான தேங்காயெண்ணெயை தினமும் இரண்டு கரண்டி குடித்தால் ஈரல் கழுவுப்பட்டுவிடும் என்று ஒரு போத்தலைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்கலாமா? சொதியையும் நிறுத்தவேண்டுமா?

குடிக்கக் கொடுக்காதீர்கள் அம்மா. தலைக்கு வையுங்கள். சொதியை நிறுத்தவேண்டியதில்லை, முதற்பாலைக் குறைத்து தண்ணிப்பாலில் வைத்தால் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரல் செல்களின் மேல் இருக்கின்றன. வெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் அவை குறைந்துபோகும். பிடிக்க ஆளில்லாத கொலஸ்ட்ரோல் இரத்தக்குழாயின் உட்சுவருக்கு அடியில் புகுந்து தங்கும். அகற்ற வரும் வெள்ளையணுக்களும் அதை விழுங்கி, வீங்கி, அங்கேயே கிடக்கும். குழாய் அடைபடத் தொடங்குவது இப்படித்தான்.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. விற்பவரிடம் இதற்கொரு பதில் தயாராக இருக்கும்: "இது வேறு வகைக் கொழுப்பு, உடனே எரிந்துவிடும்." இந்தப் பேச்சில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். அப்படி எரிவது 8, 10 காபன் கொண்ட சிறிய கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயில் பாதியளவு இருப்பது 12 காபன் கொண்ட லோரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகள் போகும் வழியில்தான் போகிறது. சிறியதுக்குக் கிடைத்த நற்பெயரைப் பெரியதுக்கு ஒட்டி விற்கிறார்கள். 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சோயா, ஒலிவ் போன்ற எண்ணெய்களைச் சாப்பிட்டவர்களைவிடத் தேங்காயெண்ணெய் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் டெசிலீற்றருக்கு சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்லதும் கொஞ்சம் கூடியது. போத்தலில் அதை மட்டும் அச்சடிப்பார்கள்.

ஈரலுக்கு வருவோம். சுவீடனில், 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 39 இளையோர் 7 வாரம் தினமும் மஃபின் சாப்பிட்டார்கள். பாதிப்பேருடையது நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாம் எண்ணெயில் செய்தது, மற்றவர்களுடையது சூரியகாந்தி எண்ணெயில். இரு பக்கத்தாருக்கும் எடை ஒரே அளவுதான் கூடியது. ஈரல் கொழுப்பு கூடுதலாக ஏறியது பாம் எண்ணெய்ப் பக்கத்தில். பின்னேரம் கடையில் வாங்கும் ரோல்ஸும் பற்றிசும் எந்த எண்ணெயில் பொரிபடுகின்றன என்று யார் சொல்கிறார்கள்? சொல்லவைக்கவேண்டியவர்களுக்கும் அக்கறை கிடையாது. சீனியை மறந்துவிடாதீர்கள், அதிலிருந்து ஈரல் தானே கொழுப்பைச் செய்துகொள்ளும். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி, மேலே ஒரு சோடா என்றால் எண்ணெயை மாற்றி என்ன பயன்?

மீன் சாப்பிடட்டும், சூடையும் சாளையும், பொரிக்காமல் குழம்பாக. மீனெண்ணெய்க் குளிசை வேண்டாம். 1000 மில்லிகிராம் என்று போட்டிருப்பது எண்ணெயின் அளவு. சாதாரணக் குளிசையில், மீனெண்ணெயின் நல்ல கொழுப்பான ஒமேகா-3 ஏறக்குறைய 300தான்.

ஒரேயொரு விலக்கு. ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைட் என்று ஒரு வரி இருக்கும், இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு அது. அது 500ஐத் தாண்டியிருந்தால் கதை வேறு, கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு டொக்டரே ஒமேகா-3ஐ மருந்தாக, பெரிய அளவில் எழுதுவதுண்டு. 200, 300 உள்ளவர் இதைக் கேட்டுவிட்டு பாமசிக்கு ஓடக்கூடாது. 500ஐத் தாண்டியவர் கடைக் குளிசையை நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு மீன்குழம்பு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை.

கணவர் 80 கிலோ என்றால் ஆறு கிலோ குறையட்டும், ஈரல் கொழுப்பும் இறங்கும். கொலஸ்ட்ரோல் குளிசை எழுதியிருந்தால் ஈரலுக்குப் பயந்து நிறுத்தவேண்டாம். கிளினிக்கில் நாள் முழுக்க வரிசையில் இருந்து இரண்டு நிமிடம் கிடைக்கும், ரிப்போர்ட்டை விளக்க ஒருவருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் போத்தல்காரர் உங்கள் படலையைத் திறக்கிறார். ஆகவே கேள்வியைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: ட்ரைகிளிசரைட் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, அடுத்த ஸ்கான் எப்போது.