மார்கழியில் இரண்டு வாரம் வீட்டோடு: டொராண்டோவிலிருந்து ஒரு பதில்

தம்பி, “ஆகஸ்ட் மாதம் கோவையிலிருந்து வந்தோம், மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6, கிறிஸ்துமஸுக்குப் பள்ளி இரண்டு வாரம் மூடுகிறார்கள், வெளியே குளிர், உள்ளே டேப்லட், அக்கா, இந்த இரண்டு வாரத்தை எப்படித் தள்ளுவது” என்று கேட்டிருந்தீர்கள். கடையில் இருக்கும் ஜிஞ்சர்பிரெட் வீட்டுப் பெட்டியும் (இஞ்சி பிஸ்கட்டில் குட்டி வீடு கட்டும் பெட்டி) அறிவியல் பெட்டியும் வாங்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி மூடும் அந்த இரண்டு வாரமும் நமக்கு மார்கழி. நான் வந்த புதிதில் இது எனக்குத் தோன்றவேயில்லை. கிறிஸ்துமஸ் இவர்கள் பண்டிகை, நமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மூன்று வருடம் ஆன பிறகுதான், பிள்ளைகளுக்கு வேண்டியதில் பாதி என் சமையலறையிலும் மீதி பால்கனியிலும் இருப்பது தெரிந்தது. அதனால் எழுதப்போவது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்த பொருள்களை வைத்துத்தான்.

பனியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கறுப்பு அட்டையும் கைப்பிடி உள்ள பூதக்கண்ணாடியும் போதும், இரண்டும் டாலர் கடையில் கிடைக்கும். அட்டையைப் பனி பெய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிட வேண்டும். வீட்டுச் சூட்டோடு எடுத்துப்போனால் விழுந்த துகள் பார்ப்பதற்குள் நீராகிவிடும். மூச்சுக்காற்று படாமல் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பனியிலும் அழகான நட்சத்திரம் கிடைக்காது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பஞ்சுப் பொதி போல ஒட்டிக்கொண்டு விழும். மேகத்தில் மைனஸ் 15 வாக்கில் இருக்கும்போதுதான் கிளை கிளையாக விரிந்த துகள் உருவாகும். அதனால் முதல் நாள் ஏமாந்தால் விட்டுவிடாதீர்கள்.

பார்த்தவுடன் பிள்ளை கேட்கும் கேள்வி, ஏன் எல்லாவற்றுக்கும் ஆறு கை என்பதுதான். இதே கேள்வியை யோஹான்னஸ் கெப்ளர் 1611-ல் கேட்டார். பிராகில் பாலத்தில் நடந்துபோகும்போது மேலங்கியில் விழுந்த பனியைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி எழுதித் தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். கோள்களின் பாதையைக் கணக்கிட்டவருக்கே இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் உங்கள் மகன் நிமிர்ந்து உட்காருவான். அப்புறம் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. 1885-ல், 19 வயதில், கேமராவை மைக்ராஸ்கோப்போடு பொருத்திப் பனித் துகளைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். இதைக் கேட்டுவிட்டு என் மகன் ஒரு மாதம் பால்கனியை விட்டு நகரவில்லை.

விடையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னது கோலத்தை வைத்துத்தான். நேர்ப்புள்ளிக் கோலம் போட்டால் நாலு பக்கமாக வளரும். ஊடுபுள்ளி, அதாவது முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிக்கு இடையில் ஒரு புள்ளி என்று வைத்தால் ஆறு பக்கமாக வளரும். 7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி வைக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளி வரும், ஓரம் தானாகவே அறுகோணமாக நிற்கும். இப்போது நடுப்புள்ளியை விரலால் அழிக்கச் சொல்லுங்கள். சுற்றி இருக்கும் ஆறும் ஒரு வளையம். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் இப்படி ஆறு ஆறாகக் கைகோத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குகின்றன. துகள் வளரும்போது அந்த ஆறு மூலையும் முந்திக்கொண்டு வளர்கின்றன. அந்த வெற்றிடத்தால்தான் ஐஸ் தண்ணீரைவிட அதிக இடம் பிடிக்கிறது, மிதக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மூடியைத் தளர்த்தி இரவு வெளியே வையுங்கள். காலையில் ஐஸ் கோட்டைத் தாண்டியிருக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும்.

காகிதத்தில் பனித் துகள் வெட்டும்போதும் இதை மறக்க வேண்டாம். கடையில் தொங்குவதில் பல எட்டுக் கை உள்ளவை. காகிதத்தைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை மடிப்பின் நடுவிலிருந்து விசிறி போல மூன்றாக மடித்து, அதை இன்னொரு தடவை பாதியாக மடித்து வெட்டினால் சரியான ஆறு வரும். மகளுக்கு இது போதும், ஒரு மதியம் ஓடிவிடும்.

பால்கனியிலோ வாசலிலோ பனி படிந்திருந்தால் அதன் மேலேயே மார்கழிக் கோலம் போடலாம். வெள்ளைப் பனியில் அரிசி மாவு தெரியாது. தெளிப்பான் பாட்டிலில் மஞ்சள் கரைத்த தண்ணீரும், ஃபுட் கலர் கலந்த சிவப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள் முதல் தடவை போட்டபோது மஞ்சள் கோடு ஓரங்களில் கசிந்து பரவியது. பனிக்குள் காற்று நிறைய இருக்கிறது, அந்த இடைவெளியில் தண்ணீர் ஊறுகிறது என்று அவளே சொன்னாள். அன்றே ஒரு டம்ளர் புதுப் பனியை உள்ளே கொண்டுவந்து உருகவிட்டோம். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்தான் நின்றது. புதுப் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர்.

ஐஸ் விளக்கும் செய்யலாம். ஒரு சின்ன வாளியில் தண்ணீர் ஊற்றி, மைனஸ் பத்துக்குக் கீழே போகும் இரவில் வெளியே வையுங்கள். ஐஸ் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும், நடுவில் தண்ணீர் மிஞ்சும். சுவர் இரண்டு விரல் தடிமன் வந்ததும் வாளியைக் கவிழ்த்து, உறையாத தண்ணீரை வடித்துவிட்டால் குடம் போல ஒரு கூடு கிடைக்கும். அதற்குள் பேட்டரி விளக்கு ஒன்று. மார்கழி விடியலில் நம் ஊர் வாசலில் கோலத்து நடுவே அகல் வைப்போமே, அந்த இடத்தில் நாங்கள் இதைத்தான் வைக்கிறோம்.

அடுத்தது படிகம். போராக்ஸில் பனித் துகள் செய்யும் வீடியோ நிறைய வரும். இங்கே துணி சோப்பு வரிசையில் போராக்ஸ் எளிதாகக் கிடைக்கும். ஆனால் போராக்ஸ் போரிக் அமிலத்தின் குடும்பம், அந்த அமிலம் கலந்த பொருளை வீட்டுக் கைவினைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016-லேயே ஹெல்த் கனடா, அதாவது இங்குள்ள அரசு சுகாதாரத் துறை, சொல்லியிருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. நமக்குப் படிகாரம் இருக்கிறதே. திருஷ்டிக்கு வாசலில் கட்டும் அதே படிகாரம், ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் மசாலா வரிசையில் ஊறுகாய்க்கென்று ஆலம் பொடியாகவும் கிடைக்கும். அரை கப் வெந்நீரில் இனி கரையாது என்னும் வரை போட்டுக் கலக்கி, தெளிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அசையாமல் வைக்க வேண்டும். மறுநாள் அடியில் சின்னச் சின்ன மணிகள் இருக்கும். அதில் நல்லதாக ஒன்றை நூலில் கட்டி, புதிதாகக் கரைத்து ஆறவைத்த கரைசலில் தொங்கவிட்டால் நாளுக்கு நாள் வளரும். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகத்தோடு நிற்கும். சூடான தண்ணீர் தாங்கிய அளவை ஆறிய தண்ணீர் தாங்க முடியாமல் வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். வாயில் வைக்கக் கூடாது என்று மகளிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனி ஜிஞ்சர்பிரெட் வீடு. வகுப்பில் எல்லோரும் செய்வார்கள், பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆனால் சைவ வீடு என்றால் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐசிங்கில் முட்டை வெள்ளை இருக்கலாம், மிட்டாய்களில், குறிப்பாக மார்ஷ்மெல்லோவில், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். நாங்கள் செய்வது வேறு. கொண்டைக்கடலை டப்பாவில் இருக்கும் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து, பீட்டரால் அடித்தால் முட்டை வெள்ளை போலவே நுரைக்கும். கடலையிலிருந்து இறங்கிய புரதமும் மாவுச்சத்தும் காற்றைப் பிடித்து வைக்கின்றன. மூன்று மேசைக்கரண்டிக்கு இரண்டரை, மூன்று கப் ஐசிங் சுகர் பிடிக்கும். சுவருக்கு கிரஹாம் பிஸ்கட். வீட்டில் சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரும் ஆகும், அதை மறுபடி கொதிக்கவைத்துக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம் எங்கள் வீட்டுக் கூரை பத்து நிமிடத்தில் சரிந்தது. மகன் அழுதுவிட்டான். இரண்டு தவறு செய்திருந்தேன். சுவர் நின்றவுடனே கூரையை வைத்தேன். இரண்டாவது, பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஐசிங்கில் இருக்கும் தண்ணீர் காற்றில் போனால்தான் சர்க்கரை இறுகிச் சுவரைப் பிடிக்கும், ஆவி நிறைந்த சமையலறையில் அது காயாது, பிஸ்கட்டும் நமத்துப்போகும். இப்போது நாலு சுவரையும் ஒரு டம்ளரைச் சுற்றி நிறுத்தி, வேறு அறையில் வைத்து, மறுநாள்தான் கூரை. சரிவு குறைந்தால் கூரை சுவரை வெளியே தள்ளும், செங்குத்தாக இருந்தால் காய்வதற்குள் வழுக்கும். எந்தச் சரிவு நிற்கிறது என்று பிள்ளைகளையே அட்டையில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மகன் அதிலேயே அரை நாள் இருப்பான்.

அதே கொண்டைக்கடலையை ஓர் இரவு ஊறவைத்து, பல்குத்தும் குச்சியோடு மேசையில் வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு வாரத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. குச்சி கம்பி, கடலை மூட்டு. முதலில் நாலு குச்சியில் ஒரு சதுரம். மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம். தள்ளினாலும் அசையாது. இந்த ஒன்றைக் கையால் உணர்ந்த பிள்ளை அதற்கப்புறம் கிரேனைப் பார்த்தாலும் பாலத்தைப் பார்த்தாலும் முக்கோணத்தைத்தான் தேடும். பிறகு 12 கடலை, 30 குச்சி கொடுங்கள். ஒவ்வொரு கடலையிலும் ஐந்து குச்சி சேர வேண்டும், எல்லாம் முக்கோணமாகவே வர வேண்டும் என்பது மட்டுமே விதி. 20 முகம் கொண்ட பந்து ஒன்று எழும்பும். இரண்டு நாளில் கடலை காய்ந்து சுருங்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும், மேலே ஒரு புத்தகம் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1899-ல், நான்கு வயதில், மழலையர் வகுப்பில் பட்டாணியையும் குச்சியையும் வைத்துத்தான் முக்கோணத்தின் பலத்தைக் கண்டுகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது கண்பார்வை மிகக் குறைவு, விரல்தான் வழிகாட்டி. மாண்ட்ரியலில் 1967 உலகக் கண்காட்சிக்கு அவர் வடிவமைத்த 76 மீட்டர் விட்டமுள்ள கோளம் இன்றும் நிற்கிறது. 1976-ல் தீப்பிடித்து வெளிப்போர்வை முழுக்க எரிந்தும் எஃகுச் சட்டம் விழவில்லை. கோடையில் காரில் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். என் மகன் அதன் கீழே நின்று, அம்மா, நம் கடலை என்றான்.

கடைசியாக மேப்பிள் மிட்டாய். மேப்பிள் சிரப்பை, அதாவது மேப்பிள் மரச் சாற்றுப் பாகை, காய்ச்சி, சுத்தமான பனியைத் தட்டில் நிரப்பி அதன் மேல் கோடாக ஊற்றினால் இழுபடும் மிட்டாயாகும். கியூபெக்கில் மார்ச் மாதத்தில் இது ஒரு திருவிழா போல நடக்கும். 112 டிகிரி வேண்டும் என்பார்கள். உங்கள் மனைவிக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படாது. அதிரசப் பாகுக்குச் செய்வது போல ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, மெத்தென்று உருண்டு வந்தால் இறக்கிவிடலாம். தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரை செறிந்து கொதிநிலை ஏறுகிறது, ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. இதை மகனிடம் அம்மாவே சொல்லட்டும். காய்ச்சுவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை, பாகு பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும்.

பெட்டி வாங்கலாமா என்ற கேள்விக்கு: ஜிஞ்சர்பிரெட் பெட்டி பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒன்று வாங்குங்கள், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்து விலை குறைய வாய்ப்பு உண்டு. அறிவியல் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்துக்கு மகளுக்கு நீர் புகாத நல்ல கையுறை இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று நனைந்தால் இன்னொன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் கால் மணி நேரத்தில் உள்ளே வந்துவிடுவாள்.

கறுப்பு அட்டையை இன்றே வாங்கிவையுங்கள். புதன்கிழமை இரவு பனி என்று சொல்லியிருக்கிறார்கள்.