கார்பன் டை ஆக்சைடு நீரில் கால் ஊறினால் சர்க்கரைப் புண் ஆறுமா?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பத்தாவுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. பெருவிரலுக்கு அடியில் புண் வந்து 2 மாதமாகிறது, வலி இல்லை என்கிறார். ஜப்பானில் இருக்கும் சித்தப்பா, தண்ணீரில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும் மாத்திரைகள் அனுப்பியிருக்கிறார். அதில் காலை ஊறவைக்கலாமா?"

வேண்டாம். திறந்த புண்ணோடு வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.

சித்தப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்த வாயு தோல் வழியே உள்ளே போய்ச் சிறு ரத்தக் குழாய்களை விரிக்கும். அந்த இடத்தில் ரத்தம் ஆக்சிஜனைக் கூடுதலாக இறக்கிவிடும். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இந்தக் குளியல் பழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் அங்கே சிகிச்சைக்கு எந்திரத்தில் நீர் தயாரிக்கிறார்கள்: லிட்டருக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வாயு, உடல் சூட்டை ஒட்டிய வெப்பம். மாத்திரை அந்த அளவை எட்டாது. அதோடு, சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேசக் குழு 2023 வழிகாட்டுதலில், புண் ஆற்ற இந்த வாயுவைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. எந்த நீராக இருந்தாலும், ஊறினால் புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்து நைந்துபோகும். வலி தெரியாமல் மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது.

எனக்குக் கவலை தருவது அந்த 2 மாதமும், வலியில்லை என்ற சொல்லும்தான். முதலில் காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால், கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தம் பொய்யாக நன்றாகத் தெரியும். அதனால் கால்விரல் அழுத்தத்தையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரைத் தாமதிக்காமல் பாருங்கள். அடைப்பை நீக்காமல் எந்த மருந்தும் பெரிதாக உதவாது.

ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால், செத்த தோலைச் சீவி எடுத்துவிட்டு, புண் மேல் பாரம் விழாதபடி முழங்கால் வரை மாவுக்கட்டு போன்ற ஒன்றைப் போடுவார்கள். பாதத்தின் அடிப்புண்ணை ஆற்றுவதில் இதற்கு ஈடு இல்லை. கழற்ற முடியாத கட்டு இன்னும் நல்லது. "வீட்டுக்குள்தானே நடக்கிறேன்" என்பார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போய்வருவதே ஒரு நடை! ஆத்தங்குடிக் கல் வழவழவென்று இருந்தாலும், வெறுங்காலில் ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்கும். பிள்ளையார்பட்டிக்குப் போவதையும் புண் ஆறும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இந்த வாரமே கூட்டிப் போங்கள். காய்ச்சல், நாற்றம், சீழ், மேலே பரவும் சிவப்பு, விரல் கறுப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே, நடுராத்திரி ஆனாலும் சரி.