வழிபாட்டுக்குப் போகாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதா?

கேள்வி: என் மகள் ஒரு கிறிஸ்தவ நிர்வாகத்தின் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, விடுதியில் தங்கியிருக்கிறாள். நாங்கள் வேறு மதத்தினர். வாரம் ஒருமுறை சிற்றாலய வழிபாடு உண்டு. போகாவிட்டால் வருகைப்பதிவு குறைந்து ஹால் டிக்கெட் கிடைக்காது என்கிறார்களாம் மூத்த மாணவிகள். கல்லூரியில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், 15,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் ‘விலக்குக் கடிதம்’ வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தைவிட முக்கியம், சான்றிதழ்களை அவர் கண்ணில்கூடக் காட்டாதீர்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைப்பது ஏற்கெனவே உங்கள் மகளுடையது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசுப் பணத்தில் உதவிபெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், சம்மதம் இல்லாமல் ஒருவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு. சிறுபான்மையினர் கல்லூரி நடத்தும் உரிமையைத் தருவது 30ஆம் பிரிவு. அந்த உரிமையில் சிற்றாலயமும் ஜெபமும் இருக்கலாம். வர விருப்பமில்லாதவரை இழுத்துவந்து உட்காரவைப்பது அதில் அடங்காது.

இந்தச் ‘சம்மதம்’ யாருடையது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 18 வயது நிரம்பியிருந்தால் மகளின் சம்மதம். அப்பா அம்மா சொல்வது கணக்கில்லை. நிரம்பாவிட்டால் பெற்றோரின் சம்மதம். பிளஸ் டூ முடித்துச் சேர்கிற பிள்ளைகளில் பலருக்குச் சேரும் நாளில் 17தான். அதனால்தான் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தையும் வாங்கியிருப்பார்கள். அந்தப் படிவத்தின் நகலை இன்றே எடுத்துப் பாருங்கள். ‘கல்லூரி விதிகளுக்குக் கட்டுப்படுவேன்’ என்று பொதுவாக மட்டும் இருந்தால் அது வழிபாட்டுக்கான சம்மதம் ஆகாது என்பது என் கருத்து. ‘வழிபாடுகளில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்று தனி வரி இருந்து, அதன்கீழ் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள். இதற்குள் மகளுக்கு 18 நிரம்பிவிட்டதா? அப்படியானால் எழுத வேண்டியவர் அவர். உங்கள் பழைய கையெழுத்து இனி அவருக்காகப் பேசாது. பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

நீதிபோதனை வகுப்பை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மதிப்பெண்ணோடு பாடத்திட்டத்தில் இருந்தால் அது பாடம், போகத்தான் வேண்டும்.

இப்போது அந்த ‘செல்வாக்கு உள்ளவர்’ விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பிறந்தால் கல்லூரி வாசலுக்கு எதிரே முளைக்கும் ஆட்கள் இவர்கள். இடம் வாங்கித் தருவார்கள், சிபாரிசுக் கடிதம் தருவார்கள், கேட்டால் ஞானஸ்நானச் சான்றிதழ்கூடத் தருவார்கள். என்னிடம் வந்த ஒரு தந்தை, ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கோப்பிலிருந்து இப்படியொரு கடிதத்தை எடுத்து நீட்டினார். முதல்வரின் முத்திரை பளிச்சென்று இருந்தது. அதில் கல்லூரியின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த மாணவி, வழிபாட்டை மறந்துவிட்டுப் போலி ஆவணத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அசல் மதிப்பெண் பட்டியலைத் திரும்பத் தர அந்த ஆள் மறுபடி பணம் கேட்டார். கல்லூரியே அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. கல்லூரிக்கே இல்லாத உரிமை வாசலில் நிற்பவருக்கு எங்கிருந்து வந்தது?

செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். முதல்வருக்கு எழுதி, நகலை விடுதிக் காப்பாளருக்கும் கொடுங்கள். ‘28(3) பிரிவின்படி வழிபாட்டில் கலந்துகொள்ளச் சம்மதமில்லை, அந்த நேரத்தில் நூலகத்திலோ அறையிலோ இருக்க அனுமதிக்க வேண்டும், வருகைப்பதிவில் இதைச் சேர்க்கக் கூடாது’ என்று மூன்று வாக்கியம் போதும். மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்பார்கள். அப்படி வைத்துவிட்டு வந்த கடிதங்கள் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்பது அந்த அலுவலகத்துக்கே தெரியாது.

பலர் இந்தக் கடிதத்தோடே தீர்வு கண்டிருக்கிறார்கள். பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். புகார் கிடைத்ததிலிருந்து கூடியவரை 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு. சில கல்லூரிகளில் இந்தக் குழு அறிவிப்புப் பலகையில் மட்டுமே வாழ்கிறது. உறுப்பினர் யார் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனாலும் எழுதுங்கள். முத்திரை விழுந்த அந்தப் பிரதி கையில் இருந்தால்தான், ஹால் டிக்கெட்டை யாராவது நிறுத்திவைத்தால் மறுநாளே மேலிடத்தில் கேட்க முடியும்.