நுகர்வோர் வழக்கு நோட்டீஸும் மருத்துவரின் அச்சமும்

கேள்வி: சிறு நகரில் மருத்துவமனை நடத்தும் மகப்பேறு மருத்துவர் நான். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் உதிரப்போக்கினால் ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அகற்ற நேர்ந்தது. அலட்சியம் என்று கூறி இழப்பீடு கேட்டிருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் வந்துள்ளது. கைதாகிவிடுவேனோ என்ற பயத்தில் உறக்கமில்லை. யாரிடம் பேசுவது என்றும் தெரியவில்லை.

பதில்: இழப்பீடு கோரும் இந்த விசாரணையில் உங்களைக் கைது செய்யும் கேள்வியே எழாது. தனியாகக் குற்றப்புகார் கொடுக்கப்பட்டாலும், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றும், விசாரணை அதிகாரி வேறொரு மருத்துவரின், இயன்றவரை அரசு மருத்துவரின், நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும் என்றும், வழக்கமான நடைமுறையாகக் கைது செய்யக் கூடாது என்றும் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

நீங்கள் அஞ்ச வேண்டியது நாள்காட்டிக்குத்தான். பதிலுரை தாக்கல் செய்ய 30 நாட்கள். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாட்கள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மனச்சோர்வில் நோட்டீஸை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடும் மருத்துவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

உறக்கமற்ற இரவில் கேஸ் ஷீட்டை எடுத்து "விட்டுப்போனதைச் சேர்க்க" கை பரபரக்கும், தொடவே தொடாதீர்கள். குறைவாக எழுதப்பட்ட குறிப்புக்கு விளக்கம் சொல்லலாம், பின்னர் திருத்தப்பட்ட குறிப்புக்குச் சொல்ல முடியாது.

யாரிடம் பேசலாம் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப்படுகிறது. சிகிச்சை விவரங்களை உங்கள் வழக்கறிஞரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். அந்த உரையாடலுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆவது பிரிவு பாதுகாப்பளிக்கிறது. சக மருத்துவரிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ "அப்போதே ரத்தம் ஏற்றியிருக்கலாம்" என்று புலம்புவதற்கு அத்தகைய பாதுகாப்பு கிடையாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு தவிக்கவும் வேண்டாம்: உறக்கமின்மையையும் பதற்றத்தையும் குடும்பத்தாரிடம் தாராளமாகப் பகிரலாம், மனநல மருத்துவரை நாடினால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்தச் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.

அந்தப் பெண்ணின் குடும்பத்தைத் தனியாகச் சந்தித்துப் பேரம் பேச வேண்டாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம் என்றாலும், மருத்துவ அலட்சியத்தால் கொடுங்காயமோ மரணமோ நேர்ந்ததாகக் கூறும் வழக்குகளை நுகர்வோர் மத்தியஸ்த விதிகள் 2020 அதிலிருந்து விலக்குகின்றன. சமரசம் வேண்டுமென்றால், உங்கள் வழக்கில் அதற்கு என்ன வழி உண்டு என்று முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.