நவம்பர்ல பிறந்தநாள், திறந்தவெளியில பார்ட்டி: வளையல அடகு வைக்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம். வீட்டுக்காரருக்கு மாசம் 38,000 சம்பளம், நான் வீட்ல தையல் பண்றேன், அதுல ஒரு 5,000 வரும். வர்ற நவம்பர் 23 பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடியுது. கூட படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் வெளியில லான்ல பார்ட்டி வச்சாங்கன்னு அவளும் கேக்குறா. ஒரு ஈவென்ட்காரங்க லான், பலூன் ஆர்ச், ஜம்பிங் காசில், சாப்பாடு எல்லாம் சேத்து 85,000 சொல்றாங்க. கையில 25,000 இருக்கு, மீதி 60,000க்கு என் ரெண்டு வளையல வச்சிடலாம், வர்ற மொய்ய வச்சு மீட்டுக்கலாம்னு மாமியார் சொல்றாங்க. வீட்டுக்காரர் கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போடலாங்குறார். எது நல்லது? பண்ருட்டி பக்கம் சித்தப்பாவோட முந்திரி தோப்பு இருக்கு, ஆனா அங்க வச்சா என்ன நெனைப்பாங்களோன்னு இருக்கு.

பதில்: தங்கச்சி, ரெண்டுமே வேணாம். பார்ட்டி வைங்க, பாப்பா ஆசைப்பட்ட மாதிரி வெளியிலயே வைங்க, ஆனா நவம்பர்ல வேணாம், ஜனவரி கடைசி ஞாயித்துக்கெழமை வைங்க, அதுவும் சித்தப்பா தோப்புலயே.

மொதல்ல அந்த தேதிய பத்தி பேசிடறேன், ஏன்னா பணம் போற பெரிய ஓட்டை அங்கதான் இருக்கு. நவம்பர் 23ன்னா நம்ம ஊருக்கு நடு மழைக்காலம். 2024ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுனது நவம்பர் 30, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் என்ன பாடு பட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, அதனால டிசம்பர் கடைசியும் நம்பிக்கை இல்ல. நான் இத பட்டு சொல்றேன், என் பையனுக்கு நவம்பர் நடுவுல திறந்தவெளியில வச்சோம், சாயங்காலம் நாலு மணிக்கு கொட்ட ஆரம்பிச்சுது, ஷாமியானா துணி நடுவுல தொங்கி தண்ணி தொட்டி மாதிரி தேங்கி நின்னுச்சு, என் வீட்டுக்காரர் கீழ இருந்து தொடப்பக்கட்டையால தூக்கி விட்டதுல மொத்த தண்ணியும் கேக் வச்ச டேபிள் மேல இறங்கிடுச்சு. குடுத்த அட்வான்ஸ் 15,000ல ஒரு ரூபா திரும்ப வரல, ஏன்னா மழை பேஞ்சா என்னன்னு நாங்க எழுதி வாங்கவே இல்ல. புள்ளைங்க மட்டும் பார்ட்டி தொப்பிய கவுத்து தண்ணியில விட்டு ஒரு மணி நேரம் வெளையாடுச்சுங்க.

அதனால பொறந்தநாள் அன்னிக்கு பாடலீஸ்வரர் கோயில்ல அர்ச்சனை, வீட்ல பாயசம், அரை கிலோ கேக், அவ்ளோதான். பார்ட்டி ஜனவரியில. பொங்கல், ஆத்து திருவிழா எல்லாம் முடிஞ்சிருக்கும், எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்க. தைப்பூசத்துக்கு வடலூர் கூட்டம் எந்த தேதியில வருதுன்னு மட்டும் காலண்டர்ல பாத்துட்டு நாள் வைங்க.

இப்ப கடன். 60,000 அடகு வச்சு ரெண்டு வட்டின்னா மாசம் 1,200, வருஷத்துக்கு 14,400. பேங்க்ல நகைக்கடன் வட்டி கம்மிதான், இல்லன்னு சொல்லல, ஆனா ஒரு நாள் சாயங்காலத்துக்காக வச்ச நகைய மீட்க தனியா காசு எங்க இருந்து வரும், அதுதான் பிரச்சனை. வட்டி மட்டும் கட்டி கட்டி, அப்புறம் மாத்தி வச்சு, கடைசியில ஏல நோட்டீஸ் வந்து நிக்கிற குடும்பங்கள நான் நெறைய பாத்திருக்கேன், எல்லாம் சின்ன தொகையில ஆரம்பிச்சதுதான். கார்டு இ.எம்.ஐ.யும் அப்படித்தான், வட்டி ஒரு பக்கம், பிராசஸிங் சார்ஜ் ஒரு பக்கம், அது மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., பில்லு முழுசா கட்ட முடியாம நின்னுச்சுன்னா மாசத்துக்கே 3, 3.5 சதவீதம்னு ஏறும்.

மொய் விஷயத்துல மாமியார்கிட்ட பக்குவமா பேசுங்க. மொய்னு வர்றது வருமானம் இல்லம்மா, அது நாம திருப்பி செய்ய வேண்டியது, நோட்டுல எழுதி வைக்கிறதே அதுக்குத்தானே. இன்னிக்கு 500 வச்சவங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க 500க்கு கம்மியா வைக்க முடியாது. அத நம்பி நகைய வைக்கிறது கடனுக்கு கடன்.

அந்த 25,000த்தையும் தொடாதீங்க. உங்க குடும்பத்துக்கு அது மூணு வார செலவு, அவ்ளோதான் உங்க மொத்த பாதுகாப்பு, அதையும் மழைக்காலம் வர்ற நேரத்துல கடலூர்ல காலி பண்றது எனக்கு மனசு ஒப்பல. கூரை ஒழுகும், புள்ளைக்கு காய்ச்சல் வரும், வேலைக்கு போக முடியாத நாளு வரும்.

பார்ட்டி காசுக்கு பேங்க்ல ஆறு மாச ஆர்.டி. போடுங்க, அதாவது மாசா மாசம் ஒரே தொகைய கட்டி சேக்குற கணக்கு, ஜூலை 2ல இருந்து மாசம் 4,500. சில பேங்க்ல குறைஞ்சது ஒரு வருஷம்னு இருக்கு, கேட்டுட்டு போடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. இதுக்கு சரி வராது, அது அஞ்சு வருஷம். ஜனவரி தொடக்கத்துல 27,000 கட்டினதும் கொஞ்சம் வட்டியும் சேந்து 27,500 பக்கம் கைக்கு வரும்.

இதுக்குள்ள பார்ட்டி நடக்குமான்னா தாராளமா நடக்கும். 25 புள்ளைங்க, கூட வர்ற பெரியவங்க 20 பேருன்னு வச்சுக்குவோம். தலைக்கு 150ன்னு சாப்பாடு 6,750, வேன் 4,500, சேர் பாய் வாடகை 3,000, கேக் 2,000, வெளையாட்டு சாமானும் பரிசும் 2,500, ரிட்டர்ன் கிஃப்ட் தலைக்கு 100ன்னு 2,500, மைக் 1,500, பலூன் 1,500. கூட்டுனா 24,250. நான் வச்ச கணக்கு இது, ரேட்டு முன்ன பின்ன இருக்கும், மிச்சம் இருக்கிற 3,000 சொச்சம் அதுக்குத்தான். சாப்பாடு மினி இட்லி, போண்டா, பழம், ரோஸ் மில்க் போதும், நாலு மணிக்கு புள்ளைங்க பிரியாணி திங்காதுங்க, தட்டுல பாதி மிஞ்சும்.

தோப்ப நெனைச்சு கூச்சப்படாதீங்க. முந்திரி மரம் கிளைய தாழ விட்டு படர்ந்திருக்கும், அஞ்சு வயசு புள்ள கூட ஏறி உக்காரும், லான்ல 40,000 குடுத்தாலும் அது கெடைக்காது. சில்வர் பீச் யோசிச்சீங்கன்னா வேணாம், 25 புள்ளைங்கள அலை பக்கம் போகாம பாத்துக்க பத்து பேர் வேணும், பொது இடத்துக்கு அனுமதியும் கேக்கணும். தோப்புல ரெண்டு வேலை முக்கியம், மொத நாளே ஆள் விட்டு சருகு முழுக்க கூட்டி பூச்சி பொட்டு இல்லாம பாத்துடுங்க, அப்புறம் மரத்துல முசுறு எறும்பு கூடு இருக்கான்னு பாருங்க, அது கடிச்சா புள்ளைங்க அழுது பார்ட்டியே முடிஞ்சிடும். வேன்காரர்கிட்டயும் சமையல்காரர்கிட்டயும் அட்வான்ஸ் கால்வாசிக்கு மேல குடுக்காதீங்க, தேதி மாறுனா அட்வான்ஸ் அப்படியே அடுத்த தேதிக்கு வரும்னு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிடுங்க.

இன்னொன்னு. பாப்பாவுக்கு செல்வமகள் கணக்கு, அதான் பொண் புள்ளைங்களுக்கான அரசு சேமிப்பு திட்டம், இருக்கான்னு நீங்க சொல்லல, இல்லன்னா போஸ்ட் ஆபீஸ்ல 250 ரூபாயில ஆரம்பிக்கலாம், பத்து வயசுக்குள்ள தொடங்கணும். 2024 ஜனவரியில வட்டி 8.2 சதவீதம்னு ஏத்துனாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசு அத மாத்தலாம். இதே வட்டி நீடிச்சா, 20,000 ஒரே தடவை போட்டு அப்புறம் வருஷா வருஷம் அந்த 250 மட்டும் கட்டுனாலே 21 வருஷத்துல லட்சத்த தாண்டிடும். பார்ட்டியில வர்ற கவர்ல எவ்ளோ இருந்தாலும் பேர் எழுதி வச்சுட்டு, காச மறுநாளே அந்த கணக்குல போட்டுடுங்க, திருப்பி செய்றத மாச செலவுல பாத்துக்கலாம்.

வளையல் பீரோவுலயே இருக்கட்டும். வீட்டுக்காரர் சம்பளம் ஒண்ணாந்தேதி வருதுன்னா ஆர்.டி. ரெண்டாந்தேதி ஆட்டோமேட்டிக்கா புடிக்கிற மாதிரி சொல்லிடுங்க, இந்த வாரமே ரெண்டு பேரும் பேங்க் போயிட்டு வாங்க.