நல்ல தலைவர் வந்தால் போதாதா?

அன்புள்ள ஐயா,

மத்தியும் மாகாணங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சமஷ்டி ஆட்சிமுறை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நாட்டின் தலைவர் எல்லா இனங்களையும் மதிப்பவராக இருந்தால் ஒற்றையாட்சியிலும் நாங்கள் நிம்மதியாக வாழலாம். அப்படி இல்லாதவர் வந்தால் சமஷ்டி இருந்தும் பயனில்லை. பிறகு ஏன் அமைப்பைப் பற்றியே பேசுகிறோம்?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

தலைவரின் விழுமியங்கள் ஆட்சிமுறையின் போக்கை மாற்றுகின்றன என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எவ்வளவு விரிவாக எழுதப்பட்ட அரசியலமைப்பிலும் தலைவரின் மனப்போக்குக்கு விடப்பட்ட இடங்கள் இருக்கும். மாநில ஆட்சியைக் கலைக்க இடமளிக்கும் இந்திய அரசியலமைப்பின் 356ஆவது உறுப்புரை பயன்படாமலே கிடக்க வேண்டும் என்று அம்பேத்கர் விரும்பினார். மொழிவாரி மாநிலங்களை விரும்பாத நேரு, 1952 டிசெம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டபின், தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்து ஆந்திர மாநிலத்துக்கு இணங்கினார். முதலமைச்சர்களுக்கு ஆண்டுக்கணக்காக இடைவிடாமல் கடிதம் எழுதி, நாட்டு நடப்பை அவர்களோடு பகிர்ந்துகொண்டவரும் அவரே.

ஆனால் 1959இல் கேரள அரசைக் கலைத்ததும் அதே நேருவின் அரசுதான். இந்திரா காந்தியின் காலத்தில் 356 அடிக்கடி எடுக்கும் ஆயுதமாயிற்று. 1976இன் 42ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்தியும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இந்திராவின் நெருக்கடிநிலையில் சிறையிருந்தவர்கள் 1977இல் ஆட்சிக்கு வந்ததும் ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துவது. ஒடுக்குமுறையை அனுபவித்தவர்களின் கையும் அந்த உறுப்புரையை நோக்கி நீண்டது. 1994இல், கர்நாடக முதலமைச்சராயிருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டசபையே என்றும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பின் வந்த பிரதமர்கள் எல்லோரும் நேருவைவிட நல்லவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நமக்கு அப்படியொரு தடை வாய்க்கவில்லை. 1926இல் இலங்கைக்குச் சமஷ்டியே பொருந்தும் என்று வாதிட்ட பண்டாரநாயக்க, 1956இல் பிரதமரானதும் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கினார். மறு ஆண்டு தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் பிரதேச சபைகளுக்காக ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பௌத்த பிக்குமார் அவர் வீட்டின் முன் வந்து அமர்ந்ததும் அதைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தார். அவர் தீயவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தைத் தாங்கி நிற்க அவருடைய மனவுறுதியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை என்பதே என் துயரம்.

நீங்கள் கிளிநொச்சிக்காரர் என்பதால் இரணைமடுக் குளத்தைச் சொல்கிறேன். அதற்கு நீர் தரும் கனகராயன் ஆறு வடமாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிவதால், மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தத்தின்படி அதன் நீர்ப்பாசனம் மாகாண விடயம். அருவியாறு வேறு மாகாணத்து அநுராதபுரப் பக்கமிருந்து வருவதால், அதன் நீரைப் பெறும் மன்னாரின் கட்டுக்கரைக்குளம் மத்தியின் கையில் இருக்கிறது. தாளில் இது தெளிவான பிரிவு. ஆனால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், மாவட்ட நிர்வாகத்துக்கென மத்தி நியமித்த அரசாங்க அதிபர் என்னும் அதிகாரி. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தபின், ஜனாதிபதிகள் மாறியும் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்தின் பொறுப்பு முழுவதும் ஆளுநரிடம் சேர்ந்தது. நல்ல ஜனாதிபதி நல்ல ஆளுநரை அனுப்பக்கூடும். அவர் நம் கமக்காரரின் சொல்லைக் கேட்கவும்கூடும். கேட்காவிட்டால் அவரை மாற்றும் வாக்கு அந்தக் கமக்காரரிடம் இல்லை. உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.