மலைப்புல்வெளி மந்தைக்குச் சமவெளிக் கிடா வாங்கலாமா?

கேள்வி: 3,400 மீட்டர் உயரத்துப் புல்வெளியில் 60 பெட்டைச் செம்மறிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 35 கிலோதான் தேறும். வருடத்துக்கு ஒரே குட்டி. சமவெளியிலிருந்து பெரிய உடம்புள்ள, இரட்டைக் குட்டி போடும் இனத்துக் கிடா ஒன்றை வாங்கி மந்தையையே மாற்றிவிடலாமா? மரபணுச் சோதனை செய்து வாங்கினால் போதுமா?

பதில்: கிடா வாங்குங்கள், அதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறக்கும் பெண் குட்டிகளை மந்தையில் நிறுத்திவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஏன் ஏமாறுகிறார்கள் என்றால், முதல் தலைமுறை பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். உங்கள் பெட்டைக்கும் சமவெளிக் கிடாவுக்கும் பிறக்கும் குட்டியில் இரண்டு பக்கத்து இரத்தமும் பாதிப் பாதி. கலப்பின வீரியத்தால் வேகமாக வளரும். ஊட்டி வளர்ப்பதும் மலைக்குப் பழகிய தாய். அதைப் பார்த்த சந்தோஷத்தில் அந்தப் பெண் குட்டிகளை வளர்த்து, மறுபடியும் சமவெளிக் கிடாவையே விட்டால், அடுத்த ஈற்றில் முக்கால் பங்கு சமவெளி இரத்தம். சரிவு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

உங்கள் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. புதிதாக மேலே ஏற்றிய கிடா ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சரிவில் பாதி தூரம் ஏறியதும் நின்றுவிடும். மூக்குத் துவாரம் விரிந்திருக்கும், கழுத்து முன்னால் நீண்டிருக்கும், விலா வேகமாக ஏறி இறங்கும். உள்ளூர்ப் பெட்டை புல்லைக் கடித்தபடியே அதைத் தாண்டிப் போய்விடும். இந்த வித்தியாசம் வெறும் பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல.

திபெத்தியச் செம்மறி இதற்கு நல்ல உதாரணம். செம்மறியை மனிதன் வளர்க்கத் தொடங்கியது மேற்காசியாவில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன். திபெத்தியப் பீடபூமிக்கு அது ஏறியது வெகு காலம் கழித்துத்தான். அங்கே ஏற்கெனவே காட்டுச் செம்மறியான ஆர்காலி இருந்தது. ஆர்காலிக்கு 56 குரோமோசோம், நாட்டுச் செம்மறிக்கு 54. இருந்தாலும் இரண்டும் சேர்ந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் இனம் பெருக்கும். திபெத்தியச் செம்மறியின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மரபணுவில் ஆர்காலியிடமிருந்து வந்த துண்டு தெரிந்தது. எனக்கு இதில் இன்றும் வியப்பு அடங்கவில்லை. மேய்ப்பர்கள் அறியாமலே, மலை தன் சொத்தில் கொஞ்சத்தை மந்தைக்குக் கொடுத்திருக்கிறது!

உங்கள் ஆடுகளில் இதே மரபணு வடிவங்கள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பல தலைமுறையாக மேலேயே ஈன்று, மேலேயே பிழைத்த வரிசை என்றால், தாங்காதவை எல்லாம் ஏற்கெனவே கழிந்துவிட்டன. சினைக் காலத்தில் இது பளிச்சென்று தெரியும். சிலியின் ஆண்டிஸ் மலையில் சுமார் 3,600 மீட்டரில் நடந்த ஆய்வுகளில், கீழிருந்து கொண்டுவந்த பெட்டைகளுக்கு எடை குறைந்த குட்டிகள் பிறந்தன. அதே உயரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த பெட்டைகளின் குட்டிகள் அவற்றைவிடக் கனமாக இருந்தன. தாய் வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, இரட்டைக் குட்டி விஷயம். பூரூலா என்ற மரபணு மாற்றம் ஒன்று உண்டு. ஒரு பிரதி இருந்தாலே ஈற்றுக்கு ஏறக்குறைய ஒரு குட்டி கூடும். தாயின் பால் மட்டும் அதனால் கூடாது. இரட்டையில் ஒவ்வொன்றும் சிறியதாகப் பிறக்கும், சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். காற்றடிக்கும் மேட்டில், சீம்பால் குடிக்கும் முன்பே ஒன்று விறைத்துவிடலாம். காப்பான கொட்டகையும் கைத்தீவனமும் இல்லாத இடத்தில் ஒற்றைக் குட்டி ஒரு குறையே அல்ல.

அப்புறம் புல். இதைத்தான் கடைசியில் நினைக்கிறார்கள், முதலில் நினைக்க வேண்டியது இது. 60 கிலோ ஆடு உயிர் தரித்திருக்கவே 35 கிலோ ஆட்டைவிட ஒன்றரை மடங்கு தீனி வேண்டும். ஆகவே 60 பெரிய பெட்டைகள் என்றால், இப்போதைய ஆடுகளில் 90-ஐ அதே புல்வெளியில் விட்ட கணக்கு. உயரத்துப் புல்லுக்கு வளரும் காலமே சில மாதங்கள்தான், செம்மறியோ தரையை ஒட்டக் கடிக்கும். புல் பின்வாங்கிய இடத்தில் ஆடு சாதாரணமாகத் தொடாத செடிகள் ஏறும்; புல் போதாதபோது அவற்றையும் தின்னும். ஆக்ஸிட்ராபிஸ் வகையைச் சேர்ந்த சில செடிகளில் ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சு இருக்கிறது. தொடர்ந்து தின்ற ஆடு தலை நடுங்கி, கால் தடுமாறும், சினையும் கலையும். அந்தச் செடி பரவுகிறது என்றால் புல்வெளியில் ஆடு அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது. பெட்டைகளில் நல்லவை 40-ஐ, உங்கள் உயரத்திலேயே பிறந்த வேறு மந்தைக் கிடாக்களோடு மட்டும் சேருங்கள். ஒரு கிடா போதாது, இரண்டு மூன்று வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தகப்பன் மகளையே சேர்ந்தால் குட்டியின் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) அளவு ஒரே அடியில் 25 சதவீதம் ஏறும். மாற்றுப் பெட்டைகளை இந்தக் கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மீதி 20-க்குச் சமவெளிக் கிடாவை விடுங்கள். அதில் பிறப்பது ஆணோ பெண்ணோ, எல்லாம் குளிருக்கு முன் விற்பனைக்கு. ரொம்பப் பெரிய இனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சிறிய பெட்டை ஈனத் திணறும். கிடாவைச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே மேலே கொண்டுவாருங்கள். விந்து உருவாகி முதிர ஏறக்குறைய அவ்வளவு நாளாகும், மூச்சுத் திணறும் நாட்களில் உருவானது தரம் குறைந்தே இருக்கும்.

எந்தப் பெட்டை நல்லது என்று கேட்பீர்கள். குளிர்காலம் முடியும்போது கம்பளிக்குள் விரலை விட்டு, கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் கூராகத் தட்டுப்பட்டால் அது தாங்கவில்லை. எலும்பு தெரிந்தும் மேலே சதை மூடியிருந்து, பக்கத்தில் போன வருடக் குட்டியும் உயிரோடு நின்றால், அந்தப் பெட்டையின் மகள்தான் உங்களுக்கு வேண்டியவள். இதைவிட நல்ல மரபணுச் சோதனை இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. கிடா வாங்கும்போது பூரூலா இருக்கிறதா என்று மட்டும் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேண்டாம்.

சேர்க்கை நாளைக் குறிக்க, உங்கள் சரிவில் புல் துளிர்க்கும் வாரத்திலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணுங்கள்.